இரகசியத்தை வெளியிடத் தகுதி பெற்றவர்

அந்தச் சத்தத்தை அக்கா அதற்கு முன்பு கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு, சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்வதற்குள், அந்தக் கட்டடத்தின் எல்லா மாடிகளிலும் இருந்த தட்டச்சுப் பொறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் அடிக்கத் தொடங்கின. தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியது போல் இருந்தது. மாடி விளிம்பில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த புறாக்கள், இதென்ன அநியாயம் என்று கேட்பதுபோல் மொத்தமாக எழும்பிப் பறந்தன. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தம் அவள் காதுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கிறது.

அது பொது இருக்கைகள் இயக்குநரகம். பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் பொதுமக்கள் எதன்மேல் உட்காரலாம், அதற்கு முதுகு வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு சாய்ந்தால் அது படுப்பதாகக் கருதப்படும் என்பன போன்ற விஷயங்களை அந்த இயக்குநரகம் கவனித்து வந்தது. ஊரார் உட்காருவதைப் பற்றியே சிந்தித்துச் சிந்தித்து, அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தாங்கள் உட்காருவதில் நாட்டம் குறைந்துவிட்டது. காலையில் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கும். மூக்குக்கண்ணாடி மேஜைமேல் இருக்கும். ஆள் தெருமுனை டீக்கடையில் இருப்பார். கோட்டும் கண்ணாடியும் சேர்ந்து பார்த்துக்கொள்ள முடியாத வேலை எதுவும் அங்கே வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஆகவே, வருடாந்தரத் திடீர் ஆய்வுக்காக இயக்குநர் முன்னறிவிப்பின்றி உள்ளே நுழைந்தபோது, ஊழியர்கள் அனைவரும் தத்தம் இருக்கையில் இருந்ததைக் கண்டு அவர் முகம் வெளிறியது. ஒரு குமாஸ்தா கோப்பு ஒன்றைப் படித்துக்கொண்டே இருந்தார். இயக்குநர் அவர் பின்னால் போய் நின்று, கோப்பு நேராகத்தான் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

"ஒருத்தர்கூட வெளிய போகலையா?" என்றார் கம்மிய குரலில்.

"இல்ல சார்," என்றார் சட்ட ஆலோசகர். எதற்கெடுத்தாலும் ஓர் உட்பிரிவைக் காட்டுவதால் அவரை எல்லோரும் உட்பிரிவு என்றே சொல்வார்கள்.

"அப்போ யாரோ சொல்லியிருக்காங்க. இவங்களா வேலைக்கு வர்ற ஆளுங்களா?"

"இல்லவே இல்ல சார்."

குற்றம் நிரூபணமாகிவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது மட்டும் மிச்சம். அதற்கும் மதியச் சாப்பாட்டு நேரம்வரை ஆகவில்லை. ஊழியர்களுக்குச் சொன்னவர் காவலாளி. காவலாளிக்குச் சொன்னவன் இயக்குநரின் கார் டிரைவர். டிரைவருக்குச் சொன்னவர் இயக்குநர். கடைசியாகச் சொன்ன கண்ணி விசாரணையின் வரம்புக்குள் வராது என்று உட்பிரிவு கருத்துத் தெரிவித்தார். ஆகவே சங்கிலி டிரைவரிடம் நின்றது.

டிரைவர், அக்காவின் தம்பி. அக்கா, மாடிப்படிக்கு அடியில் இருந்த மொழிப்பிரிவின் மொத்த ஊழியர். ஆங்கிலத்தில் பிறக்கும் உத்தரவுகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இரண்டையும் யாரும் படிப்பதில்லை என்பதால் வேலையில் பிழை என்ற பேச்சே எழுந்ததில்லை. தம்பி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் இயக்குநரகம் முழுவதற்கும் அக்காவாகிவிட்டாள். இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் டிரைவர் குடியிருப்பில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு குழாய், காலை வெயில் வந்து உட்கார்ந்து போகிற ஜன்னல் ஒன்று. அம்மா கடைசியாகக் கண்மூடியதும் அந்த ஜன்னலைப் பார்த்துத்தான். இருவருக்கும் கல்யாணம் என்று ஒன்று நடக்காமலே போனதில், அந்த வீடுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த குடும்பம்.

"ஏண்டா, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றாள் அன்று வீட்டில்.

"நான் என்னக்கா சொன்னேன்? நாளைக்குக் கேட்டைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்து வைங்க அண்ணேன்னேன். கேட் மூடியிருந்தா வண்டி எப்படி உள்ள போகும், பறந்தா?"

"வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சிருக்கலாம்ல?"

"ஹாரன் அடிச்சா திடீர்னு வந்தது எல்லாருக்கும் தெரிஞ்சுடுமாம். அடிக்கக் கூடாதுன்னு அவரேதான் சொன்னாரு."

"அப்போ கேட்டைத் திறக்கவும் கூடாது, திறக்காம இருக்கவும் கூடாது."

"அதேதான்கா. இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீயே சொல்லு."

வேலை போனால் வீடும் போகும் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும்.

இயக்குநரகத்துக்கு இரகசியக் காப்பு விதிகள் என்று சில உண்டு. முன்பு ஆண்டவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை. போகும்போது எடுத்துப் போக மறந்த பொருள்களில் அதுவும் ஒன்று. இரகசியத்தை வெளியிடுவதற்கு அதில் நாலு சொற்கள் இருந்தன. இரகசியத்தை டைவல்ஜ் செய்தவன் வேலையையும் குடியிருப்பையும் இழப்பான். டிஸ்க்ளோஸ் செய்தவனுக்குச் சம்பள உயர்வு நிற்கும். ரிவீல் செய்தவனுக்கு இடமாற்றம். ப்ளாப் செய்தவனை மேலதிகாரி கூப்பிட்டு, வாயால் மட்டும், கண்டிக்கலாம்.

"டைவல்ஜ்," என்றார் இயக்குநர். "கேக்கும்போதே ஆளை வெளிய தள்ற மாதிரி இருக்கு. அதையே போடுங்க."

"போடலாம் சார். ஆனா நாலுக்கும் என்ன வித்தியாசம்னு விதியில சொல்லல. அந்த வார்த்தைங்களோட வரலாறு தெரியாம போட்டா கோர்ட்டுல நிக்காது."

"வரலாறு யாருக்குய்யா தெரியும்?"

"மொழிப்பிரிவுல ஒரு அக்கா இருக்காங்க."

எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிட்டதால், அவள் உண்மையிலேயே யாருக்காவது அக்காவாக இருக்கக்கூடும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. 'ஆங்கில மொழியில் இரகசியங்களை வெளியிடுவது தொடர்பான சொற்களின் வரலாறு: ஓர் அறிக்கை' தயாரிக்குமாறு அவளுக்கு ஆணை வந்தது. வழக்கப்படி அந்த ஆணையை முதலில் அவளே தமிழாக்கினாள்.

பொது நூலகத்தில் தலையணை மாதிரி அகராதிகள் இருந்தன. அக்கா அவற்றைத் திறந்து உட்கார்ந்தாள். தம்பியைக் காப்பாற்றத்தான் போனாள். ஆனால் சொற்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயின. ரிவீலுக்குள் ஒரு முகத்திரை விலகிற்று. உற்றுக் கேட்டால் துணி சரசரப்பதுகூடக் கேட்டது. டிஸ்க்ளோஸுக்குள் மூடியிருந்த ஒன்று திறந்தது. டைவல்ஜ் லத்தீன்காரர்களின் சொத்து. அதன் வயிற்றுக்குள் ஒரு ஜனக்கூட்டமே இருந்தது. கீழ்ப்படியில் இருந்த சொற்களின் கதை வேறு. ப்ளாப், அதாவது உளறுவது, ஈர உதடு அடித்துக்கொள்ளும் சத்தம், அவ்வளவுதான். ஸ்க்வீல் என்பது பன்றியின் அலறல். பிடிபட்டவன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தால் அவன் பாடினான் என்றார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த பிரபுக்கள் ஆங்கிலேயரின் நாட்டைப் பிடித்து, மாளிகையில் ஒரு பாஷையும் சமையலறையில் ஒரு பாஷையுமாக நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள். அதன் சுவடு இன்னும் சொற்களில் காயவில்லை.

அவளுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. அறிக்கையின் முடிவுரையில் எழுதினாள்: 'ஆங்கிலத்தில் பெரிய மனிதர் இரகசியத்தை வெளியிட்டால் அதற்கு லத்தீன். சின்ன மனிதர் வெளியிட்டால் அதற்கு மிருகத்தின் சத்தம். எனவே கார் ஓட்டுநர் ஒருவர், வரலாற்றின்படி, டைவல்ஜ் செய்யும் தகுதி உடையவர் அல்லர். அவரால் அதிகபட்சம் ப்ளாப் செய்யத்தான் முடியும்.'

ப்ளாப் என்றால் வாய்க் கண்டிப்போடு போயிற்று. வீடு தப்பித்தது. அக்கா அன்று ஜன்னலைத் துடைத்து வைத்தாள்.

ஆனால் அறிக்கை வெளியில் வந்ததும் இயக்குநரகம் தலைகால் புரியாமல் ஆடத் தொடங்கியது. அதுவரை எல்லோரும் எல்லாவற்றையும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் தன் பதவிக்கு ஏற்ற சொல் வேண்டியிருந்தது. கைவைத்த நாற்காலி அதிகாரிக்கு, கையில்லாத நாற்காலி குமாஸ்தாவுக்கு என்பதுபோல, டிஸ்க்ளோஸும் அதற்கு மேலும் அதிகாரிகளுக்கு என்று சுற்றறிக்கை போயிற்று. அதிகாரிகள் வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு வர லேட்டாகும்னு டிஸ்க்ளோஸ் பண்றேன்," என்றார்கள். வீட்டில் இருந்தவர்கள் டாக்டரைக் கூப்பிடலாமா என்று யோசித்தார்கள். உதட்டைக் குவித்து டைவல்ஜ் என்று சொல்லிப் பழகுவதற்காகக் கழிவறைக் கண்ணாடி முன்னால் வரிசை நின்றது.

தட்டச்சுப் பிரிவுப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க மொழிப்பிரிவுக்கு ஓடி வந்தாள். "அக்கா, அக்கா! எங்க நாத்தனார் வீட்டை விட்டு ஓடிப்போயிட்டா. இதை எந்த வார்த்தையில சொல்லலாம்?"

"உன் கிரேடு என்னம்மா?"

"இளநிலைதான்கா."

"அப்போ ப்ளாப்தான்."

"சே! இவ்வளவு நல்ல விஷயத்தைப் போய் ப்ளாப்புல சொல்றதா? பதவி உயர்வு வர்ற வரைக்கும் அடக்கி வச்சுக்கிறேன் போங்க," என்று அவள் வந்த வழியே திரும்பிப் போனாள். போகும் வழியில் நாலு பேர் என்ன, என்ன என்று கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நடந்து போனது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததைக் காவலாளி பார்த்தார். மேலே தெரிவிக்கலாம்தான். ஆனால் அதைத் தெரிவிக்க எந்தச் சொல்லுக்குத் தமக்குத் தகுதி என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீருக்குப் பதவித் தரம் கிடையாது. அது தானாகவே மாடி மாடியாக இறங்கி, இயக்குநரின் அறைக்குள் போய் விஷயத்தைச் சொன்னது.

ஊழியர் சங்கம் கொதித்தது. "ப்ளாப்பாம் ப்ளாப்!" என்று சங்கச் செயலாளர் படிக்கட்டில் ஏறி நின்று கத்தினார். "பன்னி கத்துற சத்தமெல்லாம் நமக்காம், லத்தீன் அவங்களுக்காம்! நம்ம வாய் என்ன வாய் இல்லையா? ரிவீல் வாங்காம ஓய மாட்டோம்!" கட்டடத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். டீக்கடைக்காரர் இவர்கள் தம் கடையைத் தாண்டி நடப்பதை முதல்முறையாகப் பார்த்ததில் மூக்கின்மேல் விரலை வைத்தார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. குமாஸ்தாக்கள் அனைவரும் இனி ரிவீல் செய்யலாம் என்று ஆணை பிறந்தது. செயலாளருக்கு மாலை போட்டார்கள். மறுவாரம், திடீர் ஆய்வு பற்றித் தமக்கு முன்பே தெரியும் என்பதை டீக்கடையில் பேசிய குற்றத்துக்காக, ரிவீல் பிரிவின் கீழ் அவருக்கு இடமாற்றம் வந்தது. மாலை அப்போது வாடக்கூட இல்லை.

இத்தனைக்கும் நடுவில் இயக்குநர் டிரைவரை மறக்கவில்லை.

"டைவல்ஜ் பண்ண அவனுக்குத் தகுதி இல்ல. அவ்வளவுதானே பிரச்சனை?" என்றார்.

"அவ்வளவுதான் சார்," என்றார் உட்பிரிவு.

"அப்போ தகுதியைக் குடுங்க."

"சார்?"

"அதிகாரி ஆக்குங்கய்யா அவனை. முதல்ல தூக்கி மேல வை. அப்புறம் அங்கேருந்து கீழ தள்ளு. எவ்வளவு உயரத்துலேருந்து விழறானோ அவ்வளவு நல்லது."

உட்பிரிவின் கண்கள் கலங்கின. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஓர் உட்பிரிவு அவருக்கே தோன்றியதில்லை. குற்றம் நடந்த தேதியில் தகுதி இருந்தாக வேண்டும் என்பதால், ஆய்வுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே செல்லுபடியாகும் விதத்தில், தம்பி உதவி இயக்குநராகப் பதவி உயர்த்தப்பட்டான். ஆணை தமிழாக்கத்துக்காக அக்காவிடம் வந்தது. ஒரு வரி படித்துச் சிரித்தாள். அடுத்த வரி படித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் எழுதிய அறிக்கைதான் ஆணையில் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது.

"அக்கா, எனக்கு ரூம் குடுத்திருக்காங்க," என்று தம்பி வந்து நின்றான். "கைவச்ச நாற்காலி. கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல."

"டேய், உன்னை வெட்டறதுக்குத்தான்டா குளிப்பாட்டறாங்க."

"தெரியும்கா. இருந்தாலும் நாற்காலி நல்லாருக்கு."

விசாரணை நாள் வந்தது. இயக்குநர் நடுவில், உட்பிரிவு பக்கத்தில். மொழிபெயர்ப்புக்காக அக்கா ஓரத்தில். எதிரே, உள்ளங்கையை வழவழப்பான மரக் கைகளில் தேய்த்துக்கொண்டு உதவி இயக்குநர்.

"ஆய்வுக்கு முந்தின நாள் நீங்க காவலாளிகிட்ட என்ன சொன்னீங்க?" என்றார் உட்பிரிவு. அதிகாரி என்பதால் மரியாதைப் பன்மை கட்டாயம்.

"நாளைக்குக் கேட்டைச் சீக்கிரம் திறந்து வைன்னு."

"உதவி இயக்குநரா இருந்துக்கிட்டா சொன்னீங்க?"

"நீங்கதான் அன்னைக்கே நான் உதவி இயக்குநர்ன்றீங்க."

"குறிச்சுக்குங்க. உதவி இயக்குநர் ஒருவர் காவலாளியைக் கூப்பிட்டு, நாளைக்குக் கேட்டைச் சீக்கிரம்..." உட்பிரிவின் குரல் பாதியில் நின்றது. அவர் விதியைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். காலர் பட்டனைக் கழற்றினார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் இயக்குநர்.

"சார், அதிகாரி காவலாளிகிட்ட கேட்டைத் திறன்னு சொன்னா அது வெளியிடுறது இல்ல சார். உத்தரவு."

"உத்தரவா?"

"ஆமா சார். ரொம்பச் சரியான உத்தரவு. கேட் திறக்கலன்னாதான் குத்தம்."

அக்கா மொழிபெயர்க்க வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காகக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ மறுபடி டிரைவர் ஆக்குங்க!" என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

"பதவியைக் குறைக்கக் குத்தம் வேணும் சார். குத்தம் பண்ணது டிரைவர். ஆணைப்படி பாத்தா அன்னைக்கு நம்மகிட்ட டிரைவரே இல்ல."

"அப்போ அன்னைக்கு என்னை யாருய்யா கூட்டிட்டு வந்தது?"

உட்பிரிவு பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். "அதைத்தான் சார் அரசாங்கம் உங்ககிட்ட கேக்கும். உதவி இயக்குநரை வண்டி ஓட்ட வச்சது எந்த விதியிலன்னு."

இயக்குநர் மறுநாளிலிருந்து பஸ்ஸில் வந்தார். டிரைவர் பதவி காலி என்று எழுதினால் அன்று வண்டியை ஓட்டியது யார் என்ற கேள்வி எழும் என்பதால் புது ஆள் எடுக்கவும் வழியில்லை. பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்ததே இல்லை.

இதற்கு மேல் தம்பியை அவர் என்றுதான் எழுத வேண்டும். முதல் வாரம் அவர் மதியச் சாப்பாட்டுக்கு அக்காவின் அறைக்குத்தான் வந்தார். இரண்டாவது வாரம் அக்காவைத் தம் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்றாவது வாரம், அதிகாரிகள் மாடிப்படிக்குக் கீழே சாப்பிடுவது நன்றாக இல்லை என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். கோட்டு வாங்கினார். ஒரு நாள் காலை அது நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். ஆள் இல்லை.

அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு குடியிருப்புகள். அதிகாரிக் குடியிருப்பில் அவருக்கு வீடு வந்தது. அந்த வீட்டுக்கான விதியில், குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், வருமானம் இல்லாத பெற்றோர். வேலை பார்க்கும் அக்கா அதில் இல்லை. டிரைவர் குடியிருப்பிலோ டிரைவர் யாரும் இல்லாததால், அங்கே இருப்பவர் யாராக இருந்தாலும் அத்துமீறிக் குடியிருப்பவர். காலி செய்யும் ஆணை ஆங்கிலத்தில் வந்தது. கீழே தம்பியின் கையெழுத்து. அக்கா அதைத் தமிழாக்கினாள். அத்துமீறல் என்ற சொல் கொஞ்சம் கரடுமுரடாக ஒலித்ததால் வாக்கியத்தின் வேறோர் இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். தேதி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

"எப்போடா காலி பண்ண வருவாங்க?"

தம்பி வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது ரகசியம்கா. திடீர்னுதான் வருவாங்க. முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் தடை வாங்கிடறாங்களாம்."

"எல்லாரும்னா யாரு? அங்க நான் ஒருத்திதானே இருக்கேன்?"

"விதி எல்லாருக்கும் பொதுதானேக்கா."

"என்கிட்டயாடா ரகசியம்? பாத்திரம் பண்டத்தை எடுத்து வைக்க வேணாமா? அம்மா கட்டில் இருக்கு. அதைப் பிரிக்கவே ஆள் வேணும்."

தம்பியின் முகம் ஒரு கணம் பழைய முகம் போல் ஆயிற்று. வாயைத் திறந்தார். பிறகு கைகளை நாற்காலியின் கைகள்மேல் வைத்துக்கொண்டார். இப்போது அவருக்கு அவற்றை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தது.

"நான் இப்போ சொன்னா அது எந்த வார்த்தையில வரும்னு உனக்கே தெரியும். நீ எழுதினதுதானே?"

அக்காவுக்கு நன்றாகத் தெரியும். டிரைவராக இருந்தால் ப்ளாப் செய்திருப்பான். வாயால் ஒரு கண்டிப்பு, அதோடு போயிருக்கும். அதிகாரி சொன்னால் வேலையும் வீடும் போய்விடும். வெளியே வந்து தட்டச்சுப் பிரிவில் கேட்டாள். காவலாளியைக் கேட்டாள். சங்க அறையில் கேட்டாள். எல்லோருக்கும் தேதி தெரிந்திருந்தது. எல்லோரும் அவளை வாஞ்சையோடு பார்த்து, தத்தம் தகுதியை நினைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டார்கள்.

காலி செய்கிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். அக்கா அப்போது அலுவலகத்தில், தன் இருக்கையில் இருந்தாள். திரும்பி வந்தபோது கட்டில் தெருவில் நின்றது, பிரிக்காமலே.

தம்பி இணை இயக்குநராக ஓய்வு பெற்றார். அக்கா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள்; இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.